பெயிண்ட் டப்பாவை மூடி வையுங்கள்



ஆவணி பிறந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் பரணிலிருந்து கொலுப்பெட்டிகள் இறங்க ஆரம்பிக்கும். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வகுப்பில் முக்கால் மணி நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். உறவுக்காரர்களுக்கு வேறு வழியில்லை.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் வரிசையாகப் படங்கள் வந்தன. இடப்பக்கம் பழைய கொலுப் பொம்மை, வலப்பக்கம் பெயிண்ட் அடித்த பிறகு அதே பொம்மை. இடப்பக்கத்துக் கிருஷ்ணனுக்கு மூக்கு நுனியில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருந்தது, புல்லாங்குழல் பிடித்த விரலில் இன்னொன்று. மற்றபடி நன்றாகத்தான் நின்றான். வலப்பக்கத்துக் கிருஷ்ணன் ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற நீல எனாமலில் தலைமுதல் கால்வரை முங்கி எழுந்திருந்தான். நகையெல்லாம் தங்க பெயிண்டில் ஒட்டிப்போய் ஒரே கட்டியாகிவிட்டது. கண்ணைப் பார்த்தால் யாரோ பின்னால் நின்று பட்டாசு வெடித்தது போல முழிக்கிறான். அதற்கு நீங்கள் எல்லோரும் இதயம் போட்டிருந்தீர்கள். "பாட்டி இருந்து பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். சந்தோஷப்பட மாட்டார்கள். அவர்கள் வாங்கிய பொம்மை அங்கே இல்லை.

படத்தைப் போட்ட பெண்மேல் எனக்கு வருத்தமில்லை. இரண்டு நாள் முதுகு ஒடிய உட்கார்ந்து செய்திருக்கிறாள். ஆனால் இந்த வழக்கத்தோடு எனக்குச் சண்டை இருக்கிறது. பொம்மையில் காயம்பட்ட இடம் எதுவோ அதை மட்டும் சரிசெய்ய வேண்டும். காயத்தை மறைக்க உடம்பு முழுக்கப் பெயிண்ட் அடிப்பது ரிப்பேர் இல்லை, அழிப்பு. சில்லு விழுந்ததென்று குப்பையில் போடுகிறவர்களுக்கும் முழுசாகப் பெயிண்ட் அடிக்கிறவர்களுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. குப்பையில் போடுகிறவருக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான்.

பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் இருந்துகொண்டு இதை நான் சொல்லவேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல். ஊறுகாய் ஜாடியும் ஃபியூஸ் கேரியரும் கரண்டு கம்பத்துக் கிண்ணமும் பொம்மையும் செய்த ஊர் இது. செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுக் கல்வி நிலையம் இருக்கிற ஊர். என் மாணவர்களில் அங்கே படித்தவர்கள் இருக்கிறீர்கள், சூளையில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்கள், அம்மாவின் சூளைக் கூலியில் படித்தவர்கள் அதைவிட அதிகம். நீங்களும் அந்தப் படத்துக்கு இதயம் போட்டால் எப்படி?

மற்ற ஊர்க்காரர்களுக்காக, ஒரு பீங்கான் பொம்மை எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன். வெள்ளைக் களிமண்ணையும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் கல்தூளையும் தண்ணீரில் கரைத்துப் பாலாடை போன்ற குழம்பாக்குவார்கள். பக்கத்திலேயே நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே இந்த வெள்ளை மண் கிடைக்கிறது. குழம்பை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சும். ஓரத்தில் மண் படிந்து சுவர் பிடிக்கும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். அதனால்தான் பொம்மை உள்ளே கூடு, அடியில் ஓட்டை. அச்சைப் பிரித்தால் பொம்மையின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு துருத்திக்கொண்டு நிற்கும், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் தடவி, காதுக்குப் பின்னாலும் விரல் இடுக்கிலும் சுத்தம் செய்வது ஒரு தனி வேலை. பச்சை மண், கொஞ்சம் அழுத்தினால் விரல் போய்விடும். பெரும்பாலும் பெண்கள்தான் செய்வார்கள். பிறகு காயவைத்து, சுட்டு, கிளேஸ் முக்கி, ஏறக்குறைய 1200 டிகிரி வெப்பத்தில் வேகவைக்க வேண்டும்.

இதில் கவனிக்கவேண்டியது அச்சு. அது நிரந்தரம் இல்லை. ஊற்ற ஊற்றத் தேயும். புது அச்சில் வந்த முதல் பொம்மைகளுக்கு இமை, நகம், மாலையின் ஒவ்வொரு மணி எல்லாம் கூர்மையாக இருக்கும். தேய்ந்த அச்சில் வந்ததற்கு எல்லாம் மொழுக்கென்று இருக்கும். உங்கள் பாட்டி வாங்கிய பொம்மையின் அச்சு எப்போதோ தேய்ந்து உடைந்து போயிருக்கும். அதைச் செய்த சூளையே இன்று இல்லாமல் இருக்கலாம். அந்தக் கூர்மை உலகத்தில் மிச்சமிருப்பது உங்கள் பெட்டியில் இருக்கிற பொம்மையின் மேல்தோலில் மட்டும்தான். அந்தத் தோலின்மேல்தான் எனாமலை ஊற்றுகிறீர்கள்.

"டீச்சர், மெல்லிசாகத்தான் அடிச்சோம்" என்று ஒருத்தி சொன்னாள். சரி, கணக்குப் போடுவோம்.

துபாயில் இருக்கிற என் பழைய மாணவன் ஒருவன் பிளாஸ்டிக் விமான மாதிரிகள் செய்கிறான். கடையில் துண்டு துண்டாகப் பெட்டியில் விற்பார்கள், நாம் ஒட்டிச் சேர்க்க வேண்டும். இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1952-இல் கோல்டன் ஹைண்ட் என்ற பழைய பாய்மரக் கப்பலைச் சின்னதாக்கி இப்படி விற்றது. இன்றைக்கு உலகம் முழுக்க நரைத்த தலைகளெல்லாம் இதைச் செய்துகொண்டிருக்கின்றன. இவர்கள் அதிகம் செய்யும் அளவு 1:72. ஆறடி மனிதன் 72 அங்குலம், மாதிரியில் அவன் ஒரே ஒரு அங்குலம். இப்போது அந்த விமானத்தின்மேல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குப் பெயிண்ட் ஏறுகிறது என்று வையுங்கள். நமக்கு அது ஒன்றுமே இல்லை, தாள் கனம். ஆனால் அந்தக் குட்டி உலகத்தில் அது 7.2 மில்லிமீட்டர். நிஜ விமானத்தின்மேல் முக்கால் சென்டிமீட்டருக்குப் பெயிண்டை அப்பியது போல. தகடுகளின் கோடு, ஆணித்தலை எல்லாம் மூழ்கிவிடும்.

கொலுப் பொம்மையும் அளவு குறைத்த மாதிரிதான். ஐந்தடிக் கிருஷ்ணனை ஓரடியாக்கினால் 1:5. இமைக்கோட்டின் கனம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. டப்பா எனாமலைப் பிரஷ்ஷால் இரண்டு கை அடித்தால் பள்ளமான இடத்திலெல்லாம் அது தேங்கி நிற்கும். கண்குழி, உதட்டோரம், விரல் இடுக்கு என்று எங்கெல்லாம் செய்தவரின் கைத்திறன் இருக்கிறதோ அங்கெல்லாம் போய்ச் சேரும். மெல்லிசாக அடித்தோம் என்பது உங்கள் அளவில் சரி. கிருஷ்ணனின் அளவில் சரியில்லை.

அந்தத் துபாய் மாணவனின் விமானம் ஒன்று அலமாரியிலிருந்து விழுந்து இறக்கையில் கீறலும் ஒரு பள்ளமும் ஆகிவிட்டது. அவன் அதைச் சரிசெய்த ஒவ்வொரு கட்டத்தையும் எனக்குப் படமாக அனுப்பினான். நம் ஊர் டிங்கரிங் பட்டறையில் பட்டி பார்ப்பது போலத்தான். பள்ளத்தில் பட்டி அப்பினான், காயவிட்டான், வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தான். முதலில் 400, பிறகு 600, பிறகு 1000, பிறகு இன்னும் நைசானது. நம்பர் கூடக்கூடச் சொரசொரப்புக் குறையும். முந்தைய தாள் போட்ட கீறலை அடுத்த தாள் எடுக்க வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் கீறல் அப்படியே நின்று பெயிண்ட் அடித்ததும் பல்லைக் காட்டும். அப்புறம் சாம்பல் நிறத்தில் பிரைமர் ஒரு கை. எதற்கென்று கேட்டேன். "வெள்ளைப் பட்டி, பச்சை பிளாஸ்டிக்குன்னு ரெண்டு நிறமா இருந்தா கண்ணு ஏமாந்துடும் டீச்சர். ஒரே சாம்பலா ஆனாத்தான் மேடு பள்ளம் தெரியும்" என்றான். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்க்கிறான். மறுபடி பள்ளம் தெரிந்தால் மறுபடி பட்டி. மூன்று தடவை செய்தானாம், அரை அங்குலக் காயத்துக்கு.

இன்னும் சில விஷயம் அவனிடம் கற்றுக்கொண்டேன். சூப்பர் குளூவைச் சிலர் பட்டியாகப் போடுவார்கள். போட்டால் அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும், விட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும். அப்புறம் தேய்த்தால் பசை நிற்கும், பிளாஸ்டிக் தேயும். கண்ணாடி மாதிரித் தெளிவான பாகத்துக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோகவே கூடாது, ஆவி பட்டு வெண்படலம் பிடிக்கும். தெளிவான பாகத்தில் லேசான கீறலென்றால் பற்பசையால் தேய்த்தே மங்கல் போக்கலாம். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் பட்டால் இந்த பிளாஸ்டிக் கரைந்து குழைந்துவிடும். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானை நகப்பூச்சு அழிப்பானால் துடைக்கிற தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பொழுதுபோக்குக்காரன் நாலு அங்குல பிளாஸ்டிக்குக்குக் காட்டுகிற பொறுமையை நாம் மூன்று தலைமுறைப் பொம்மைக்குக் காட்ட மாட்டோம் என்கிறோம்.

ஆனால் ஒரு வித்தியாசம். அதைச் சொல்லாவிட்டால் நீங்கள் நாளைக்கே கடைக்குப் போய் ஸ்பிரே வாங்கி வந்துவிடுவீர்கள். அவன் கடைசியில் இறக்கை முழுவதற்கும் புதுப் பெயிண்ட் அடித்தான். அடிக்கலாம், ஏனென்றால் முன்னால் இருந்ததும் அவன் அடித்த பெயிண்ட்தான். உங்கள் பொம்மையில் இருப்பது நீங்கள் அடித்ததா? வண்டிப்பாளையத்திலோ பண்ருட்டியிலோ விளாச்சேரியிலோ ஒருவர் உட்கார்ந்து, ஒரே மூச்சில் இழுத்த புருவம் அது. கண்ணைக் கடைசியாகத்தான் எழுதுவார்கள், அதற்கென்று தனித் தூரிகை. அந்தக் கோடு போனால் திரும்பாது. அவனிடமிருந்து பட்டியும் பொறுமையும் சாய்த்த விளக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரேயை அவனிடமே விட்டுவிடுங்கள்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை நினைத்துப் பாருங்கள். கருவறையைச் சுற்றிய உள்சுவரில் நாயக்கர் கால ஓவியம்தான் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1931-இல் நம் மாவட்டத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமிதான் மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டுபிடித்தார். நாயக்கர் காலத்தவர் பழையதை அழிக்கவில்லை, அதன்மேல் புதுச் சுதை பூசி அதில் வரைந்தார்கள். அதனால் அடியில் இருந்தது பிழைத்தது. பின்னாளில் தொல்லியல் துறையினர் சில இடங்களில் மேல் ஓவியத்தைச் சேதமில்லாமல் பெயர்த்தெடுத்துத் தனியாகவும் காப்பாற்றினார்கள். எனாமல் அப்படி இடைவெளி விடாது. சுட்ட மண்ணின் பழைய வண்ணத்தை அது கவ்விப் பிடிக்கும், நாலைந்து வருடத்தில் வெடித்து உரியும்போது பழையதையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். உங்கள் பேத்தி அடியில் தேடினால் மண்தான் கிடைக்கும். கோயில் திருப்பணி என்ற பேரில் மணல் வீச்சு அடித்துக் கல்வெட்டையும் சிற்பத்தின் மூக்கையும் தேய்த்த கதை உங்களுக்குத் தெரியும், பிறகுதான் அதற்குத் தடை வந்தது. பளிச்சென்று ஆக்க வேண்டும் என்ற அதே வெறிதான் இதுவும், அளவுதான் சின்னது.

இனி உங்கள் ஆட்சேபணைகள்.

"பின்னமான பொம்மையை வைக்கக் கூடாது, தோஷம்" என்கிறார் எங்கள் அண்ணி. பின்னமானதை ஆராதிக்கக் கூடாது என்ற விதி பிரதிஷ்டை செய்த மூர்த்திக்கு. கொலுப் பொம்மைக்கு யார் பிரதிஷ்டை செய்தார்கள்? செட்டியார் பொம்மைக்கும் கிரிக்கெட் விளையாடுகிற பொம்மைக்கும் ஏது தோஷம்? கோயிலிலேயே மூலவரைப் பீடத்தோடு பிணைக்கிற அஷ்டபந்தனம் தேய்ந்து வெடித்தால் மறுபடி இடித்துச் சாத்துகிறார்கள். கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, வெண்ணெய் என்று எட்டுச் சரக்கு சேர்ந்த பட்டி அது. இடைவெளி விழுந்த இடத்தில் மட்டும் மருந்து வைப்பதை நமக்கு வெளிநாட்டான் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

"வருஷத்துக்கு ஒருமுறை பொம்மைக்குப் பெயிண்ட் அடித்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் வயிற்றில் அடிக்கிறீர்களா?" இது நல்ல கேள்வி. அவர்களிடமே கொடுங்கள். ஆனால் "முழுசா அடிச்சுக் குடுங்க, பளபளன்னு" என்று நீங்கள் கேட்பதால்தான் அவர்கள் அடிக்கிறார்கள். "இந்த மூக்கை மட்டும் பாருங்க, மற்றதைத் தொடாதீங்க, முழுசுக்கு உள்ள காசைத் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். வேலை தெரிந்தவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். நிறம் சேர்ப்பதில்தான் அவர் வித்தை இருக்கிறது, அதை நாம்தான் கேட்பதே இல்லை.

"அப்படியென்றால் எதற்குமே பெயிண்ட் அடிக்கக் கூடாதா?" அப்படிச் சொல்லவில்லை. போன வருடம் ரோட்டோரத்தில் வாங்கிய பிளாஸ்டர் பொம்மைக்குத் தாராளமாக அடியுங்கள், பிள்ளைகளிடமே கொடுங்கள். கிராமத்து அய்யனார் குதிரைக்குத் திருவிழாவுக்குத் திருவிழா வண்ணம் பூசுகிறார்கள், அங்கே பூசுவதே மரபு. வண்ணம் முழுக்க உதிர்ந்து வெறும் மண்ணாக நிற்கிற பொம்மைக்கும் வேறு கதியில்லை. நான் பேசுவது பழைய வண்ணம் உயிரோடு இருக்கிற பொம்மையைப் பற்றி. மரப்பாச்சிக்கு எனாமல் அடித்தவர்களைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

சரி, செய்முறை. முதலில் பொம்மை எதனால் ஆனது என்று கண்டுபிடியுங்கள். எல்லாத் தவறும் இதைச் செய்யாததால்தான் வருகிறது. பொம்மையைத் திருப்பி, வண்ணம் படாத அடிப்பாகத்தில் ஈர விரலை வையுங்கள். சட்டென்று உறிஞ்சினால் சுட்ட மண்ணோ பிளாஸ்டரோ. நகத்தால் சுரண்டி வெள்ளைப் பொடி வந்தால் பிளாஸ்டர். ஈரம் அப்படியே நின்றால் நன்றாக வெந்த பீங்கான், தட்டினால் கிண்ணென்று சத்தமும் வரும். கையில் எடுத்தால் பஞ்சு போல இருந்தால் காகிதக்கூழ், அதில் சாக்குத்தூளும் மரவள்ளி மாவும் கலந்திருக்கும், தண்ணீர் காட்டவே கூடாது. ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் காகிதக்கூழில் மலையும் ஆறும் செய்து மதிப்பெண் வாங்கினோம். மழையில் நனைந்த மலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்து தூசி. உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும். ஈரத்துணி போட்டுத் துடைக்காதீர்கள். பழைய மண்பொம்மை வண்ணங்கள் பலவும் பசையில் குழைத்தவை, தண்ணீர் பட்டால் கையோடு வந்துவிடும். சந்தேகமிருந்தால் முதுகுப்பக்கம் ஒரு ஓரத்தில் காது குடையும் பஞ்சுக்குச்சியை லேசாக நனைத்து ஒற்றிப் பாருங்கள். குச்சியில் நிறம் வந்தால் அதோடு நிறுத்துங்கள். கிளேஸ் போட்ட பீங்கானை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவலாம், அதிலும் தங்கக் கோடு இருந்தால் தேய்க்க வேண்டாம். கிளேஸில் மயிரிழை போல வலைப்பின்னலாகத் தெரியும் கோடுகள் உடைசல் அல்ல. மேல்பூச்சும் உடம்பும் சுருங்குகிற அளவு வேறாக இருப்பதால் வருவது அது. அதை அடைக்கப் போகாதீர்கள்.

சில்லு பெயர்ந்த இடத்துக்கு, மண்பொம்மை என்றால் நைசான சாக்குத்தூளை ஃபெவிகாலில் குழைத்தால் போதும். சப்பாத்தி மாவைவிட இளக்கமாக இருக்கட்டும். ஒரே தடவையில் அப்பாதீர்கள், காயும்போது சுருங்கி விரியும். மெல்லிசாக வைத்து, ஒருநாள் விட்டு, அடுத்தது. இங்கே அந்த விமானக்காரன் வித்தை ஒன்று கைகொடுக்கும். சுற்றிப் பழைய வண்ணம் இருப்பதால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க முடியாது. பட்டி ஈரமாக இருக்கும்போதே லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் ஓரத்தை வழித்து மட்டம் செய்துவிட வேண்டும். அப்புறம் தேய்க்கிற வேலையே இருக்காது. முன்பு பார்த்த சோதனையில் நிறம் கழன்ற பொம்மை என்றால் இதிலும் ஈரம் காட்டாமல் பல்குத்தும் குச்சியின் நுனியால் மட்டம் பாருங்கள். செல்லோ டேப் ஒட்டி மறைக்கலாமே என்று தோன்றும், வேண்டாம். டேப்பை எடுக்கும்போது புருவமும் சேர்ந்து வரும்.

பீங்கானில் சில்லு போனால் வீட்டில் கிளேஸ் போட முடியாது, அதற்குச் சூளை வேண்டும். இரண்டு உருண்டையைப் பிசைந்து ஒட்டும் எபாக்சிப் பட்டி வைக்கலாம். எம்சீல் நல்ல பொருள்தான், ஆனால் சாம்பல் நிறம், வெள்ளைப் பீங்கானில் அழுக்குப் போலத் தெரியும். மேலே வெள்ளை கொடுக்க வேண்டியிருக்கும். காய்ந்துவிட்டால் கல், எடுக்கவே முடியாது. அதனால் வைக்கும்போதே சரியாக வையுங்கள், வழிந்ததை உடனே துடையுங்கள்.

கடைசியில்தான் நிறம். அக்ரிலிக் அல்லது போஸ்டர் கலர், மிகச் சின்ன டப்பா போதும், பூஜ்ஜியம் நம்பர் தூரிகை. பகல் வெளிச்சத்தில் கலக்குங்கள், டியூப்லைட்டில் சேர்த்த நீலம் காலையில் வேறு நீலமாக இருக்கும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். ஆகையால் ஒரு தாளில் தீட்டிக் காயவிட்டுப் பொம்மைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். பட்டி வைத்த இடத்தைத் தாண்டி ஒரு நூல் அகலம்கூடப் பழைய வண்ணத்தின்மேல் தூரிகை போகக் கூடாது. நிறம் நூற்றுக்கு நூறு சேராது. சேராவிட்டால் என்ன? ஓரடி தள்ளி நின்று பார்க்கிற பொருளுக்கு எண்பது சேர்ந்தால் போதும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930களிலேயே பொருள் பாதுகாப்புக்கென ரசாயனக் கூடம் வைத்தார்கள். அந்தத் துறைக்காரர்கள் முக்கியமாகக் கருதுவது, இன்று நாம் செய்த ரிப்பேரை நாளை வேறொருவர் எடுக்க முடிய வேண்டும் என்பதைத்தான். சாக்குத்தூள் பட்டி ஈரத்தில் இளகும். எனாமல்?

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய எனாமலைச் சுரண்டவோ உலர்வாக உப்புத்தாள் போடவோ குழந்தைகளை விடாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று நம் நாட்டில் விதி வந்தது 2016-இல், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய டப்பாவில் எவ்வளவு இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அந்தத் தூசி மூச்சில் போகும், கைவழியாக வாய்க்குப் போகும், பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் தாக்கும். ஏற்கெனவே எனாமல் அடித்தாகிவிட்ட பொம்மையை அப்படியே வையுங்கள், சுரண்டிப் பழையதை மீட்கிறேன் என்று இறங்க வேண்டாம். வேண்டாமென்று மணிமுத்தாற்றில் கொண்டுபோய்ப் போடவும் வேண்டாம், ஆறு ஏற்கெனவே படுகிற பாடு போதும்.

பள்ளிக்கூடத்தில் இருக்கிற என் மாணவ ஆசிரியர்களுக்கும் ஒன்று. பிளாஸ்டிக் கண் மாதிரி, இதய மாதிரி எல்லாம் லேசாகச் சில்லு விழுந்ததும் கழிவுப் பட்டியலில் ஏற்றி மூலையில் போடுகிறார்களாம். இதயத்தின் வால்வு ஓரத்தில் பட்டி வைக்கிற பிள்ளை அந்த வால்வை ஆயுசுக்கும் மறக்காது. கைத்தொழில் வகுப்பைத்தான் எடுத்துவிட்டார்கள். ரிப்பேரை யாரும் எடுக்கவில்லையே, மதிய உணவுக்குப் பின் இருபது நிமிடம் உட்கார வையுங்கள்.

செராமிக் படித்த என் பிள்ளைகளுக்கு வேண்டுகோள் இல்லை, உத்தரவு. நவராத்திரிக்கு முந்தைய இரண்டு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறோம். சாக்குத்தூள், ஃபெவிகால், பஞ்சுக்குச்சி, வாட்டர் பேப்பர் நான் வாங்கி வைக்கிறேன். எபாக்சிப் பட்டியும் நல்ல கண்ணும் நீங்கள் கொண்டு வாருங்கள். வெளியூரில் இருக்கிறவர்கள் பொம்மையை முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் என்று மூன்று படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரமாக, ஃபிளாஷ் இல்லாமல். அடிப்பக்கப் படம் இல்லாமல் அனுப்புகிறவர்களுக்குப் பதில் வராது.

உங்கள் டீச்சர்